மட்டக்குதிரையைக் களத்துக்குத் தயார் செய்வது

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில், குருநாதசாமி கோயில் திருவிழாவோடு ஒரு குதிரைச் சந்தை கூடுகிறது. மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நுக்ரா என்று வடக்கத்திக் குதிரைகள் கூட்டத்தை இழுக்கும். அவற்றுக்கு நடுவே இடுப்பளவும் நெஞ்சளவும் உயரமுள்ள மட்டக்குதிரைகளும் நிற்கும். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. மேளம் அடிக்கக் குதிரை ஆடுவதும், வாங்க வந்தவர் பல்லைத் திறந்து வயது பார்ப்பதும், சுழி தேடிக் கழுத்தைத் தடவுவதும் ஒரே இடத்தில் நடக்கும். தமிழ்நாட்டில் ஒரு சின்னக் குதிரையைப் பத்துப் பேர் பார்க்க நிறுத்துவதற்கு இதைவிடப் பெரிய களம் கிடையாது.

திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ மட்டக்குதிரை வளர்த்து, அந்தியூரிலோ வேறு கண்காட்சியிலோ நிறுத்த நினைப்பவருக்கானது இந்த அத்தியாயம். குறிப்பாக, குதிரை குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால். அப்படிப்பட்ட குதிரையை வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். "கொழுகொழுவென்று இருந்தால்தான் அழகு" என்று கொள்ளையும் வெல்லத்தையும் ஊட்டுகிறவர்கள் ஒரு பக்கம். சந்தைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது விழித்துக்கொண்டு பட்டினி போடுகிறவர்கள் மறுபக்கம். இரண்டாவது தவறு குதிரையைக் கொன்றே விடலாம். தடித்த குதிரையை மெலிய வைப்பது நோக்கமல்ல. அதன் உடம்பை இறுக்குவதே நோக்கம். அதற்குப் பன்னிரண்டு வாரம் ஆகும்.

சந்தை பெரும்பாலும் ஆகஸ்டில் வருகிறது. அப்படியானால் வேலை மே மாதத் தொடக்கத்தில், சரியாக அக்னி நட்சத்திரத்தில் தொடங்க வேண்டும். திருச்சி வெயிலில் இது ஒரு சோதனைதான்.

முதல் நாள்: அளவெடுங்கள்

கண்ணால் பார்த்து எடை சொல்வதை நம்ப வேண்டாம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. ஒரு தையல் டேப் போதும்.

1. குதிரையைச் சமதளத்தில், நாலு காலும் நேராக ஊன்றும்படி நிறுத்துங்கள்.
2. முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், முதுகுத் திமிலை ஒட்டி டேப்பைச் சுற்றி மார்புச் சுற்றளவை எடுங்கள். குதிரை மூச்சு விட்ட நேரத்தில் படிக்க வேண்டும்.
3. தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளத்தை எடுங்கள்.
4. மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். எல்லா அளவும் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும்.

மார்பு 120 செ.மீ., நீளம் 115 செ.மீ. உள்ள குதிரைக்குக் கணக்கு 139 கிலோ என்று வரும். மிகச் சிறிய குதிரைகளுக்கு இந்தச் சூத்திரம் கொஞ்சம் முன்பின் ஆகலாம். அதனால் நஷ்டமில்லை; வாரத்துக்கு வாரம் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் தேவை. ஞாயிறு காலை, தீவனத்துக்கு முன் என்று ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது கொழுப்பு. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹெனக் குழுவினர் 1983-இல் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணைத்தான் உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் கொழுப்புக் கட்டி. களத்துக்குப் போகும் குதிரை 5-க்கும் 6-க்கும் நடுவே இருக்க வேண்டும்.

இதைக் கையாலேயே பார்க்கலாம். ஒரு கையை முஷ்டியாக மடக்கி, மறு கை விரல்களால் முட்டிகளின் மேல் தடவிப் பாருங்கள். குதிரையின் விலா அப்படித் துருத்திக்கொண்டு இருந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. விலா அப்படி இருந்தால் சரி. உள்ளங்கையில் கட்டைவிரலின் அடிச்சதையைத் தடவுவதுபோல விலாவே கைக்குச் சிக்காமல் இருந்தால், குதிரை தடித்துவிட்டது. பிடரியின் அடியில் கழுத்து மேடு கெட்டியாகி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினால் அது அழகல்ல, அபாய அறிகுறி. அந்தக் குதிரைக்குக் குளம்பு அழற்சி எப்போது வேண்டுமானாலும் வரும்.

வயிறு மட்டும் பானையாக இருந்து விலா தெரிந்தால் அது கொழுப்பு அல்ல. பெரும்பாலும் குடற்புழு அல்லது மட்டமான வைக்கோல். சாணத்தைக் கால்நடை மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு மருந்து கொடுங்கள்.

தீவனம்: மெருகு உள்ளிருந்து வருகிறது

தமிழ்நாட்டுக்கும் குதிரைத் தீவனத்துக்கும் உள்ள பழைய வம்பை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த அவர், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்குவதையும், இங்கே பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் பதிவு செய்தார். சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்தார்களாம். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கல் குதிரைகளைச் செதுக்கியவர்களுக்குக் குதிரையின் நரம்பும் தசையும் நன்றாகத் தெரிந்திருந்தது. லாயத்தில் தீவனம் போட்டவர்களுக்குத்தான் சிக்கல்.

இன்று சோறும் கறியும் யாரும் போடுவதில்லை. அதற்குப் பதில் பிரசாதப் பொங்கல், பூவன் பழச் சீப்பு, வெல்லம், பிஸ்கட். கோயில் தெருவில் குதிரை கட்டியிருந்தால் போகிற வருகிறவர்கள் அன்போடு ஊட்டுவார்கள். தடித்த மட்டக்குதிரைக்கு இந்த மாவும் சர்க்கரையும் விஷத்துக்குச் சமம். "தயவுசெய்து தீனி கொடுக்காதீர்கள்" என்று ஒரு பலகை மாட்டுங்கள். சங்கடமாக இருந்தாலும் மாட்டுங்கள்.

அளவு இதுதான். எடை குறைய வேண்டிய குதிரைக்கு ஒரு நாளில் உடல் எடையில் 1.5 சதவீதம் உலர் தீவனம். 140 கிலோ குதிரைக்கு 2.1 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதால் புல்லாகக் கொடுத்தால் பத்துக் கிலோவுக்கு மேல் போகும். நடைமுறையில் 1.2 கிலோ உலர்ந்த புல்லும் 5 கிலோ பசும்புல்லும் சேர்ந்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். இதை ஒரே நேரத்தில் கொட்டாமல் நாலு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். குதிரையின் இரைப்பை சிறியது. அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். நீண்ட நேரம் வெறும் வயிறாக இருந்தால் புண் வரும்.

இவ்வட்டாரத் தீவனங்களைப் பற்றிச் சில விஷயங்கள்:

- அருகம்புல் நல்லது. வாய்க்கால் கரையில் அறுத்ததாக இருந்தால் பூச்சிமருந்து தெளித்த வயலை ஒட்டியதா என்று விசாரியுங்கள்.
- கம்பு நேப்பியர் மாட்டுக்கு வரம். குதிரைக்கு அதையே முழுத் தீவனமாக்கினால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. நாளடைவில் முக எலும்பு வீங்கிக் கால் நொண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் நேப்பியரும் தவிடும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகும்.
- குதிரைமசாலும் வேலிமசாலும் சுண்ணாம்புச் சத்து தருபவை. ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி போதும்.
- சவுண்டல் எனப்படும் சூபாபுல் தழையைக் குதிரைக்குப் போடவே கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு பிடரி மயிரையும் வால் மயிரையும் கொட்டவைக்கும். ஆட்டுக்குப் போடும் தழைதானே என்று நினைப்பவர்கள் களத்துக்கு வால் இல்லாத குதிரையோடு போக நேரிடும்.
- கொள்ளை ஊறவைத்து வேகவைத்துக் கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் புரதம் செரிக்காது. தடித்த குதிரைக்கு நாளுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். கிலோக் கணக்கில் கொள்ளு என்பது ஜட்கா வண்டியை நாள் முழுக்க இழுத்த குதிரைக்கு ஏற்பட்ட அளவு.
- மாட்டுக் கலப்புத் தீவனம் தொடவே வேண்டாம். சிலவற்றில் சேர்க்கும் மொனென்சின் குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.
- நெடுஞ்சாலை நடுவிலும் நந்தவனங்களிலும் நிற்கும் அரளி கொடிய விஷம். சில இலைகளே போதும்.

நாளுக்கு சுமார் 10 கிராம் உப்பு, வியர்க்கும் நாளில் கொஞ்சம் கூடுதலாக. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் மயிர் பளபளப்பது ஓரிரு மாதத்தில் தெரியும்.

எச்சரிக்கை: தடித்த மட்டக்குதிரை ஒரு நாள் முழுக்கத் தீவனம் எடுக்காமல் இருந்தால் அது அவசர நிலை. பட்டினி கிடக்கும் உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பை ரத்தத்தில் கொட்டும், ஈரல் திணறும், சில நாளில் உயிர் போகும். சின்னக் குதிரை இனங்களுக்கும் கழுதைக்கும் இந்த ஆபத்து பெரிய குதிரையைவிட அதிகம். "ரெண்டு நாள் பட்டினி போட்டா வயிறு உள்ளே போயிடும்" என்று யோசனை சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். மருத்துவரை உடனே அழையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு எண் 1962.

பன்னிரண்டு வார நடை

வேலை விடியலில். மே மாதத்தில் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் லாயத்துக்குத் திரும்பிவிட வேண்டும். கொள்ளிடக் கரை மண்பாதை நல்ல இடம். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி சிமெண்டுச் சாலையில் ஓடவிடுவது குளம்புக்கும் மூட்டுக்கும் அடி. ஆற்று மணல் மெத்தென்று இருக்கிறதே என்று ஆழமான மணலில் ஓட்டுவதும் தவறு; கால் நரம்பு இழுத்துக்கொள்ளும்.

1. முதல் இரண்டு வாரம்: கையில் பிடித்து 15 முதல் 20 நிமிடம் வேக நடை. வாரத்தில் ஐந்து நாள்.
2. மூன்று முதல் ஆறாம் வாரம்: நடையை 30 நிமிடமாக்குங்கள். நடுவில் ஒரு நிமிடம் சிறு ஓட்டம், மூன்று நிமிடம் நடை என ஐந்து முறை.
3. ஏழு முதல் பத்தாம் வாரம்: சிறு ஓட்டம் மும்மூன்று நிமிடம். வாரத்துக்கு இரண்டு நாள் கரை மேட்டில் ஏறி இறங்குங்கள். பின்தொடையும் முதுகும் இறுகுவது இந்தக் கட்டத்தில்தான் தெரியும்.
4. கடைசி இரண்டு வாரம்: ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். நிற்கும் பயிற்சிக்கு நேரத்தை ஒதுக்குங்கள்.

நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிடுவது மூட்டுக்குச் சுமை; பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றுங்கள். மூன்று வயது நிரம்பாத குட்டியை வட்டத்தில் சுற்றவே விடாதீர்கள்.

உழைப்பு அளவோடு இருக்கிறதா என்று நாடி சொல்லும். முழங்கைக்குப் பின்னால் இடது மார்பில் கையை அழுத்தி 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. மட்டக்குதிரைக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஓட்டம் முடிந்து 15 நிமிடத்தில் நாடி 60-க்குக் கீழே வரவில்லை என்றால் அன்றைய வேலை அதிகம். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. வெயிலில் மூச்சு இரைத்து வியர்வையும் நின்றுபோனால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், மருத்துவரை அழையுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்பது வீண் பயம்.

அமெரிக்கக் கண்காட்சிகளில் குட்டிக் குதிரையின் கழுத்தை மெலிதாகக் காட்ட ரப்பர் உறை கட்டி வியர்க்க வைப்பார்கள். திருச்சி வெயிலில் அதைச் செய்வது கொடுமை. போவது தண்ணீர்தான், கொழுப்பு அல்ல, குடித்ததும் திரும்பிவிடும்.

குளம்பு

குதிரைக்குக் கால் போனால் எல்லாம் போச்சு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். களத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் சீவாதீர்கள். ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டால் தவறாக ஆழமாகச் சீவியிருந்தாலும் ஆற நேரம் இருக்கும். சாலையில் வண்டி இழுக்காத மட்டக்குதிரைக்கு லாடம் தேவையில்லை.

தினமும் செய்ய வேண்டியது:

1. குதிரையின் தோளுக்குப் பக்கத்தில், அதன் வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். கையைத் தோளிலிருந்து கால் வழியாகக் கீழே தடவிக்கொண்டே போய்க் குதிங்கால் மயிரை மெல்ல அழுத்தினால் காலைத் தூக்கும்.
2. மட்டக்குதிரையின் காலை உங்கள் உயரத்துக்கு இழுக்காதீர்கள். நீங்கள் குனியுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் மூட்டு வலித்து அடுத்த முறை உதைக்கும்.
3. குளம்புக் கொக்கியைக் குதிங்காலிலிருந்து நுனியை நோக்கி ஓட்டிச் சாணத்தையும் கல்லையும் எடுங்கள். நடுவிலுள்ள முக்கோணச் சதையைக் குத்தக் கூடாது. அதன் இரு பக்கப் பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள்.
4. முகர்ந்து பாருங்கள். அழுகிய நாற்றமும் கருப்புக் கசிவும் இருந்தால் குளம்பு அழுகல். லாயத்துத் தரை ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். மருந்துக்கு முன் தரையை உலர வையுங்கள்.

குளம்பு தொட்டால் சூடாக இருக்கிறது, குதிரை முன்னங்காலை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது, திரும்ப மறுக்கிறது என்றால் குளம்பு அழற்சி. நடக்கவைக்காதீர்கள். குளம்பைப் பனிக்கட்டி நீரில் வைத்துவிட்டு மருத்துவரை வரவழையுங்கள். அந்த வருடம் சந்தை இல்லை என்று முடிவெடுத்துவிடுங்கள்.

மயிரும் தோலும்

மட்டக்குதிரைக்குக் குளியலைவிடத் தேய்ப்பதே முக்கியம். ரப்பர் பல் வைத்த பிரஷ்ஷால் வட்ட வட்டமாகத் தேய்த்தால் செத்த மயிரும் அழுக்கும் மேலே வரும். பிறகு கெட்டி நார் பிரஷ்ஷால் மயிர் படிந்த திசையில் சுண்டிச் சுண்டி உதறுங்கள். கடைசியில் மென்மையான பிரஷ். எலும்பு துருத்தும் முகம், முழங்கால் பகுதிகளில் ரப்பர் பிரஷ் வேண்டாம். தினம் இருபது நிமிடம் இப்படித் தேய்த்து முடித்துக் கையால் மாலிஷ் போட்டால், தோலின் சொந்த எண்ணெய் மயிர் முழுக்கப் பரவும். கடையில் விற்கும் எந்தப் பளபளப்பு ஸ்பிரேயும் இதற்கு ஈடாகாது. ஆடிக் காற்றில் திருச்சிப் புழுதி பறக்கும் நாட்களில் ஈரத் துணியால் கண்ணோரத்தையும் மூக்கையும் துடைக்க மறக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் பூசிப் பளபளக்க வைப்பது பழைய பழக்கம். அரை மணி நேரத்தில் புழுதி ஒட்டிக்கொள்ளும், வெயிலில் தோலும் சூடேறும்.

குளியல் வாரத்துக்கு ஒருமுறை, மென்மையான ஷாம்புவில். சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும், தூள் மயிரடியில் தங்கினால் அரிக்கும். ஷாம்புவையும் முழுக்க அலசாவிட்டால் அதே கதிதான். ஆற்றில் குளிப்பாட்டும் ஆசை ஆடியில் எல்லோருக்கும் வரும். மேட்டூர் நீர் வந்து காவிரி ஓடும் காலம் அது. மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று கரையிலிருந்து தெரியாது, கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு. வீட்டுக் குழாயே போதும்.

ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவிலுள்ள தீவு. அந்தி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத கொசுப் பூச்சிகள் கடித்தால் குதிரை பிடரியையும் வால் அடியையும் சுவரில் தேய்த்துத் தேய்த்து மொட்டையாக்கிவிடும். மாலை ஐந்து மணிக்கே லாயத்துக்குள் கட்டி மின்விசிறியைப் போடுங்கள். அந்தப் பூச்சிகளுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்க வலு கிடையாது.

உண்ணிக்கு மாட்டுக்கு அடிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரைக்குப் பயன்படுத்தாதீர்கள். குடல் அசைவு நின்று வயிறு உப்பிச் சாகும் அளவுக்குப் போகும். மாட்டையும் குதிரையையும் ஒரே கொட்டகையில் வைத்திருப்பவர்கள் இதைச் சுவரில் எழுதிவைக்கலாம்.

பிடரியையும் வாலையும் முதலில் விரலால் சிக்கெடுங்கள், பிறகு அகலப் பல் சீப்பு. வாலின் நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும். நனைந்த வாலைச் சீவினால் மயிர் இழுபட்டு அறும். உதிர்ந்த வால் மயிர் மறுபடி முழு நீளம் வளர வருடக்கணக்கில் ஆகும்.

மயிர் வெட்டுவதில் இங்கே வேலை குறைவு. குளிர் நாடுகளில் குட்டிக் குதிரைக்குக் கம்பளி போல மயிர் வளரும். கண்காட்சிக்கு முன் உடம்பு முழுக்க மழிப்பார்கள். திருச்சிக் குதிரைக்கு அப்படி வளர்வதில்லை. தாடை அடியிலும் குதிங்காலிலும் நீண்டதை மட்டும் கத்தரியுங்கள். மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் உள்ள முள் மயிரை வெட்டக் கூடாது. குதிரைக்கு அது தொடு உணர்வு உறுப்பு. சர்வதேசக் குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் அப்படி வெட்டிய குதிரைகளைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. காதுக்குள் இருக்கும் மயிர் ஈயைத் தடுக்கிறது, விட்டுவிடுங்கள். நரைத்த வாலுக்குக் கறுப்பு மை பூசுவதும் வேண்டாம், தோல் வெந்துபோகும்.

சுழியை மறைக்க மழிப்பது இன்னொரு தந்திரம். அந்தியூருக்கு வருகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுழி பார்ப்பவர்கள். மழித்த இடத்தைக் கண்டதும் இல்லாத குறையையும் சந்தேகிப்பார்கள்.

நிற்கப் பழக்குதல்

களத்தில் குதிரை ஓடுவது கொஞ்ச நேரம்தான், நிற்பதுதான் அதிகம். நாலு காலும் செவ்வகத்தின் மூலைகளில் இருக்க, கழுத்தை நீட்டி, காதை முன்னால் வைத்து நிற்கும் குதிரைக்குத் தடிப்பு பாதி மறைந்துவிடும்.

1. ஐந்து விநாடி நின்றதும் ஒரு வாய் புல். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். மூன்றாம் வாரத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும்.
2. தலைக்கயிற்றைக் கீழே இழுக்காதீர்கள். இழுத்தால் கழுத்து சுருங்கும், குதிரை இன்னும் குண்டாகத் தெரியும்.
3. எட்டாம் வாரத்திலிருந்து மேளச் சத்தத்தைக் கைப்பேசியில் மெல்லப் போட்டுக் கேட்கவையுங்கள். பிறகு சத்தத்தைக் கூட்டுங்கள். ஸ்ரீரங்கத்தில் இருப்பவருக்கு நிஜமான பயிற்சிக் களமே உண்டு. ஏதேனும் ஒரு வாகனப் புறப்பாட்டின்போது தெருமுனையில், கூட்டத்துக்கு வெகு தள்ளி நிறுத்தினால் நாதஸ்வரமும் தவிலும் இலவசம். வெடி வெடிக்கும் நாளில் மட்டும் வேண்டாம்.
4. தெரியாதவர் வந்து உதட்டைத் தூக்கிப் பல் பார்க்க விடுங்கள். வெட்டுப் பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் ஜோடி ஜோடியாக மாறும் என்பது வாங்குபவருக்குத் தெரியும். வயதை மாற்றிச் சொல்வதில் பயனில்லை.

அடித்து ஆடவைத்த குதிரையைக் கண்டுபிடிப்பது சுலபம். சாட்டை நிழலாடினாலே காது பின்னுக்கு மடங்கும்.

பயணம்

திருச்சியிலிருந்து கரூர், ஈரோடு வழியாக அந்தியூர் நான்கு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். குட்டி யானை என்று நாம் சொல்லும் சிறு சரக்கு வண்டியில் ஒரு மட்டக்குதிரை தாராளமாக நிற்கும்.

- கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்றிதழ் வாங்குங்கள். 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் அதைக் கேட்கின்றன. டெட்டனஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் அப்போதே பாருங்கள். ஆணி குத்திய குளம்பே குதிரைக்கு எமனாகும்.
- தரையில் மணலும் அதன்மேல் கயிற்றுப் பாயும் விரியுங்கள். வெறும் தகரத்தில் குளம்பு வழுக்கும்.
- இரவு பத்துக்கு மேல் கிளம்புங்கள். ஓட்டுநரிடம் பிரேக்கை மெதுவாகப் போடச் சொல்லுங்கள்.
- இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். ஊர்த் தண்ணீரை ஒரு கேனில் எடுத்துப்போனால், புது நீர் என்று முகம் திருப்பும் குதிரையும் குடிக்கும்.
- கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

களத்தில்

ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்தால் குதிரைக்கு ஓர் இரவு ஓய்வு. காலையில் தீவனம், குளம்பு, தேய்ப்பு, கண் மூக்குத் துடைப்பு என்ற வரிசை மாறக் கூடாது. சலங்கையும் மார்புப் பட்டையும் கடைசியில்தான். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சந்தைக்கென்று புதுப் பட்டை வாங்கியிருந்தால் வீட்டிலேயே நாலு முறை போட்டுப் பழக்குங்கள். தடித்த குதிரைக்கு அகலப் பட்டையும் கொத்துக் குஞ்சமும் இன்னும் தடிப்பைக் கூட்டும், மெல்லிய தோல் பட்டையே எடுப்பு.

அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் போட்டிகளில் 34 அங்குலத்துக்கு மேல் இருந்தால் அனுமதியே கிடையாது. பிடரியின் கடைசி மயிர் முடியும் இடத்தில் அளப்பார்கள். அந்தியூரில் அப்படி அளவுகோல் இல்லை. வாங்குபவர் பார்ப்பது நேரான கால், சமமாகப் பொருந்தும் பல், நடக்கும்போது பக்கவாட்டில் வீசாத குளம்பு, அடுத்தவர் தொட்டாலும் கடிக்காத குணம். உடம்பின் தடிப்பு இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

குழந்தைகளைப் பின்பக்கம் போகவிடாமல் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். இடுப்பளவுக் குதிரையின் உதை ஒரு சிறுவனின் வயிற்று உயரத்துக்குச் சரியாக வரும்.

சந்தையின் பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள். சொந்த வாளி, சொந்த பிரஷ். அடுத்த குதிரையோடு மூக்கை உரச விடாதீர்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றும், மருந்து கொடுத்து வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் அது.

ஊர் திரும்பிய குதிரையை மற்றவற்றோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். காலை மாலை வெப்பம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூக்கில் கெட்டிச் சளியோ தோலில் முடிச்சோ கண்டால் வெறுங்கையால் தொடாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.